கேமராவுக்குக் கதவடைக்காத குடும்பம்

2006 மார்ச் 10. அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஊர். ஈராக்கில் இறந்த மாத்யூ ஸ்னைடர் என்ற இளம் மரைன் வீரருக்கு அங்குள்ள கத்தோலிக்கத் தேவாலயத்தில் அடக்க ஆராதனை. தேவாலயத்திலிருந்து சுமார் 1,000 அடி தள்ளி, போலீஸ் காட்டிய இடத்தில், ஏழு பேர் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ‘செத்த சிப்பாய்களுக்காகக் கடவுளுக்கு நன்றி’ என்றது ஓர் அட்டை. ‘நீ நரகத்துக்குப் போகிறாய்’ என்றது இன்னொன்று. ஏழு பேரில் ஒருவர் கன்சாஸ் மாநிலத்து வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் சபையின் போதகர் ஃபிரெட் ஃபெல்ப்ஸ். மற்ற ஆறு பேரும் அவர் வீட்டு ஆட்கள்: இரண்டு மகள்கள், நான்கு பேரப்பிள்ளைகள்.

இறந்தவரின் தந்தை ஆல்பர்ட் ஸ்னைடர், ஊர்வலத்தில் போகும்போது அட்டைகளின் மேல்விளிம்பை மட்டுமே பார்த்தார். எழுத்து தெரியவில்லை. அன்றிரவு டிவி செய்தியில்தான் அவற்றைப் படித்தார். பின்னாளில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் இந்த விவரம் ஏறியது. வெஸ்ட்போரோவைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் கிளம்புகிற எவரும் முதலில் யோசிக்க வேண்டிய விஷயம் இதுதான். அந்த அட்டைகளைப் படிக்க வேண்டியவர்கள் சாலையில் இல்லை. லென்ஸுக்குப் பின்னால், வீட்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வழக்கமாக, மூடுண்ட மதக்குழுக்களைப் படம் எடுப்பவர்களின் பெரிய தலைவலி உள்ளே நுழைவதுதான். யூட்டா–அரிசோனா எல்லையில் வாழும் பலதாரமணப் பிரிவான அடிப்படைவாத மார்மன்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய தலைவர் வாரன் ஜெஃப்ஸ் 2011இல் ஆயுள் தண்டனை பெற்றார். அந்தக் குழுவைப் பற்றி வந்த படங்கள் பெரும்பாலும் தப்பி வந்தவர்களின் வாக்குமூலத்தையும், பழைய ஒலிப்பதிவுகளையும், குடும்ப வீடியோக்களையும் வைத்துக் கட்டப்பட்டவை. வெஸ்ட்போரோ நேர்மாறு. போன் பண்ணினால் எடுப்பார்கள். வரச் சொல்வார்கள். எங்கே, எத்தனை மணிக்கு நிற்கப்போகிறோம் என்ற அட்டவணையை அவர்களே முன்கூட்டி வெளியிடுவார்கள். வீட்டுக்குள் வந்து படம் எடுத்தாலும் தடையில்லை. உள்ளே போவது சுலபமாக இருப்பதுதான் இங்கே இயக்குநருக்கு வைக்கப்பட்ட பொறி.

சபை என்று சொல்கிறோமே தவிர, நடைமுறையில் இது ஒரு கூட்டுக்குடும்பம். 1955இல் டொபீகா நகரில் ஃபெல்ப்ஸ் தொடங்கியது. ஆட்கள் எழுபது பேர் அளவில்தான்; அதில் பெரும்பகுதி அவருடைய பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். தேவாலயத்தைச் சுற்றியே வீடுகள், பின்கட்டு முற்றம் எல்லாருக்கும் பொது. அட்டை அச்சடிக்கும் வேலையும் அங்கேயே. அதற்காக உலகத்தைத் துறந்து காட்டுக்குள் போனவர்கள் அல்ல. பிள்ளைகள் ஊர் அரசுப் பள்ளியில்தான் படித்தார்கள். பெரியவர்கள் நர்ஸாகவும் வக்கீலாகவும் அரசு ஊழியராகவும் வேலை பார்த்தார்கள். ஃபெல்ப்ஸின் 13 பிள்ளைகளில் 11 பேர் சட்டம் படித்தவர்கள். காலையில் அலுவலகம், மாலையில் அட்டை.

தலைவரின் பூர்வகதையும் எளிதில் ஒரு சட்டகத்துக்குள் அடங்காது. இனப்பிரிப்புப் பள்ளிகளை ஒழித்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குக் காரணமான வழக்கு டொபீகாவில் முளைத்தது. அதே ஊரில் வக்கீல் தொழிலைத் தொடங்கிய ஃபெல்ப்ஸ், மற்ற வெள்ளை வக்கீல்கள் தொடத் தயங்கிய கறுப்பின மக்களின் வழக்குகளை எடுத்து ஜெயித்தவர். கறுப்பின உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளை ஒன்று 1987இல் அவருக்கு விருதே கொடுத்தது. அதே மனிதர், சாட்சிக் கூண்டில் ஒரு நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரை வதைத்த விவகாரத்தில் 1979இல் கன்சாஸில் வக்கீல் உரிமத்தை இழந்தார். வீட்டுக்குள் அடி உதை சாதாரணம் என்று விட்டுப்போன பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். தங்கிவிட்ட பிள்ளைகள் மறுத்திருக்கிறார்கள். மகன் நேட், பதினெட்டு வயது நிறைந்த நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடியவர். தற்பாலின ஈர்ப்பாளர்களுக்கு எதிரான சாலையோர மறியல் தொடங்கியது 1991இல், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கேஜ் பார்க்கில். 1998இல் வயோமிங்கில் அடித்துக் கொல்லப்பட்ட மாணவர் மாத்யூ ஷெப்பர்டின் அடக்கத்துக்குப் போய் நின்றபோது நாடே அவர்களைத் தெரிந்துகொண்டது. 2005 முதல் ராணுவ வீரர்களின் அடக்கங்கள். இறந்த வீரர் தற்பாலின ஈர்ப்பாளரா இல்லையா என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை; ஸ்னைடர் அப்படிப்பட்டவர் இல்லை. பாவத்தைச் சகித்துக்கொண்ட நாட்டுக்கு வந்த தண்டனை அந்தச் சாவு என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கணக்கின் இறையியலைப் புரிந்துகொள்ளாமல் எடுத்த படங்கள் எல்லாம் சறுக்கியிருக்கின்றன. வெஸ்ட்போரோ தீவிரக் கால்வினியச் சபை. யார் இரட்சிக்கப்படுவார், யார் நரகம் போவார் என்பதை உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுள் முன்குறித்துவிட்டார். மனிதன் கையில் ஒன்றுமில்லை. ‘யாக்கோபைச் சிநேகித்தேன், ஏசாவை வெறுத்தேன்’ என்ற ரோமர் நிருப வசனம் அவர்களுக்கு அஸ்திவாரம். அப்படியானால் தெருவில் நின்று கத்துவது எதற்கு? ஆள் சேர்க்க இல்லை. சொல்லவேண்டியது கடமை, கேட்பதும் கேட்காததும் கடவுள் பாடு. ‘என் நாமத்தினிமித்தம் நீங்கள் எல்லாராலும் பகைக்கப்படுவீர்கள்’ என்று மத்தேயு சொல்லியிருக்கிறதே. ஊர் எவ்வளவு காறித் துப்புகிறதோ அவ்வளவுக்குத் தாங்கள் கடவுளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பது உறுதியாகிறது.

ஒரு இயக்குநரின் கையில் இருக்கும் ஆயுதங்களை இப்போது எண்ணிப் பாருங்கள். கோபமாகக் கேள்வி கேட்கலாம். கிண்டல் பண்ணலாம். முரண்பாட்டைக் காட்டி மடக்கலாம். பின்னணி இசையைப் போட்டு இவர்கள் பயங்கரமானவர்கள் என்று பார்வையாளருக்கு உணர்த்தலாம். எல்லாமே இவர்களுக்குச் சன்மானம்தான். கேமராவின் வெறுப்பை அவர்கள் வேதவாக்கின் நிறைவேற்றமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். 2007இல் பிரிட்டனின் சேனல் 4க்காக நடிகர் கீத் ஆலன் செய்த படம் இப்படி வம்பிழுக்கும் பாணியிலானது. பார்க்கும்போது நமக்கு ஒரு திருப்தி, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டார் என்று. அது முடிந்த பிறகு அந்தக் குடும்பத்தைப் பற்றி நமக்குப் புதிதாக என்ன தெரிந்தது என்று யோசித்தால் கை வெறுமையாகத்தான் இருக்கிறது.

ஊடகத்துக்கும் இவர்களுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் எந்த அளவுக்கு வெளிப்படையானது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2006 அக்டோபரில் பென்சில்வேனியாவில், நவீன வசதிகளை ஒதுக்கி வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பள்ளி ஒன்றுக்குள் புகுந்து ஒருவன் சிறுமிகளைச் சுட்டுக் கொன்றான். அந்தக் குழந்தைகளின் அடக்கத்துக்கும் வருவோம் என்று வெஸ்ட்போரோ அறிவித்தது. மைக் கேலகர் என்ற வானொலி நிகழ்ச்சியாளர் தன் நிகழ்ச்சியில் ஒரு மணி நேரம் பேசத் தருகிறேன் என்றதும் வரவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். 2011இல் அரிசோனாவின் டூசான் நகரத் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஒன்பது வயதுச் சிறுமியின் அடக்கத்துக்கும் இதே பேரம், இதே முடிவு. சாலையோரத்தில் நிற்பதும் ஒலிபரப்பில் பேசுவதும் அவர்களுக்கு ஒரே மதிப்புள்ள நாணயங்கள். ஒன்றைக் கொடுத்தால் மற்றதை விட்டுக்கொடுப்பார்கள். இருபத்துநாலு மணிநேரச் செய்தி சேனல்களுக்கோ வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்த கதை. எழுபது பேர் உள்ள சபைக்கு அமெரிக்கா முழுக்கப் பெயர் கிடைத்தது இந்த வழியில்தான்.

சபையின் மேல் ஆல்பர்ட் ஸ்னைடர் தொடுத்த வழக்கின் பாதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 2007இல் ஜூரி 1.09 கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. நீதிபதி அதை 50 லட்சமாகக் குறைத்தார். மேல்முறையீட்டில் தீர்ப்பே தள்ளுபடியானது. 2011 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சபைக்குச் சாதகமாக முடித்தது. பொது விஷயத்தைப் பற்றி, பொது இடத்தில், சட்டப்படி நின்று சொன்ன பேச்சு அது என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். நீதிபதி அலிட்டோ மட்டும் மறுத்தார். சபைக்காக வாதாடியது ஃபெல்ப்ஸின் மகள் மார்ஜி. 48 மாநிலங்கள் தந்தையின் பக்கம் மனு போட்டன. பத்திரிகைச் சுதந்திரத்துக்கான நிருபர்கள் குழுவும் 21 ஊடக நிறுவனங்களும் சபையின் பக்கம் மனு போட்டன. அட்டை பிடித்தவர்களை அடக்கினால் நாளை அதே சட்டம் தங்கள் மேலும் பாயும் என்பது ஊடகங்களின் பயம். நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பேச்சை ஸ்னைடரின் வரவேற்பறைக்குக் கொண்டுபோனதும் ஊடகம்தானே என்று கேட்கத் தோன்றாமல் இல்லை.

அப்படியானால் இவர்களை எப்படித்தான் படம் எடுப்பது? பிரிட்டன் பத்திரிகையாளர் லூயி தெரூ 2007இல் பிபிசிக்காகச் செய்த படம் பதில் சொல்லும் அளவுக்கு நெருங்கிவருகிறது. அவருடைய முறை பார்ப்பதற்கு முறை மாதிரியே தெரியாது. விஷயம் தெரியாதவர் போல ஒரு கேள்வி; பதில் வந்ததும் அடுத்த கேள்விக்கு ஓடாமல் சும்மா இருப்பது. அந்த மௌனத்தை நிரப்ப எதிரில் இருப்பவர் கூடுதலாக எதையாவது சொல்லிவிடுவார். கடவுள் கோபத்தைப் பற்றி விவாதிக்க ஷெர்லி ஃபெல்ப்ஸ்-ரோப்பருக்கு நாள் முழுக்கத் தெம்பு உண்டு. ஃபிரெட்டின் மகள், 11 பிள்ளைகளின் தாய், அந்தக் காலத்தில் சபையின் குரல். எந்த வேதக் கேள்விக்கும் ஆயத்தப் பதில் அவரிடம் இருக்கிறது. வேதத்தை விட்டு இறங்கி வீட்டுக் கேள்விகளைக் கேட்கும்போதுதான் இறுக்கம் தெரிகிறது. போதகரிடமே தெரூ பிள்ளைகளைப் பற்றிச் சாதாரணமாகக் கேட்கிறார். மனிதர் எரிந்து விழுகிறார். பிள்ளைகளில் சிலர் ஓடிப்போன வீடு அது. நரகத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் சிரித்த முகமாகப் பதில் சொல்லியிருப்பார்.

அதே படத்தில், ஓடும் காரிலிருந்து யாரோ வீசிய குளிர்பானக் கப் சாலையோரம் அட்டை பிடித்து நிற்கும் ஒரு சின்னப் பையன் மேல் வந்து விழும் இடம் ஒன்று உண்டு. வர்ணனை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. வீசியவரின் கோபம் நமக்குப் புரிகிறது, அந்தக் கோபம் போய் விழுந்த தலையும் தெரிகிறது. பையன் கையில் இருக்கும் வாசகத்தை அவனாக எழுதவில்லை. அதன் அர்த்தம்கூட அவனுக்குச் சரியாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இந்த ஒரு காட்சிக்குப் பிறகு ‘வெறுப்புக் கும்பல்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போக முடிவதில்லை. சபையின் அட்டையைத் தாண்டி ஒரு படம் எதையாவது பிடித்தது என்றால் இதைத்தான் சொல்வேன்.

நெருங்கிப் போவதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. அதற்கு ஸ்டீவ் டிரெய்ன் சாட்சி. ஃப்ளோரிடாக்காரர், கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர். வெஸ்ட்போரோவின் முகத்திரையைக் கிழிக்கும் ஆவணப்படம் எடுக்கத்தான் டொபீகாவுக்கு வந்தார். பேட்டி எடுக்க எடுக்க, எதிரில் இருந்தவர்களின் வாதத்தில் அவர் மனம் இளகியது. கடைசியில் மனைவி மக்களையும் கூட்டிக்கொண்டு டொபீகாவுக்கே குடிபெயர்ந்து, சபையில் சேர்ந்து, பின்னர் அதன் செய்தித் தொடர்பாளராகவும் ஆனார். ரத்த சம்பந்தம் இல்லாமல் உள்ளே வந்து அந்த அளவுக்கு உயர்ந்த வெகு சிலரில் ஒருவர். சபையின் வீடியோ வேலைகளுக்குப் பயிற்சி பெற்ற கை கிடைத்தது. அவருடைய மூத்த மகள் லாரன் அங்கே வளர்ந்து, இருபதுகளின் தொடக்கத்தில் வெளியேற்றப்பட்டு, பிறகு அதைப் புத்தகமாக எழுதினார். நடுநிலையாகக் காது கொடுத்துக் கேட்பது எப்போதும் நல்லதே என்று சினிமாப் பள்ளியில் சொல்லித்தருபவர்கள் இந்த மனிதரையும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அதே பல்கலைக்கழகத்து மாணவரான கே. ரயன் ஜோன்ஸ் அதே சபையைப் பற்றி எடுத்த படம் 2007இல் வெளிவந்தது. அவர் பத்திரமாகத் திரும்பிவந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தெரூ 2011இல் மறுபடி போனார், 2019இல் மூன்றாவது முறை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டாவது படம் முதலாவதைவிட மெலிந்தது. பல கேள்விகள் பழையவை. மூன்றையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் திரள்கிறது. முதல் படத்தில் ஷெர்லியின் மகள் மேகனுக்கு இருபதை ஒட்டிய வயது. சிரிப்பு மாறாமல் நரகத்தைப் பற்றிப் பேசுகிறார். இரண்டாவதிலும் உள்ளேதான். மூன்றாவதில் வெளியே நின்று, தான் முன்பு பேசியதைப் பற்றிப் பேசுகிறார். 2012 நவம்பரில் தங்கை கிரேஸுடன் வீட்டை விட்டு வெளியேறியவர் அவர். எந்த ஆவணப்படமும் அவரை வெளியே இழுத்துவரவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். 2009 முதல் சபையின் சார்பில் ட்விட்டரில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவரிடம், ஜெருசலேமில் வலைத்தளம் நடத்திய டேவிட் அபிட்போல் போன்றவர்கள் பொறுமையாகத் திரும்பத் திரும்பப் பேசினார்கள். பாவியைக் கொல்லச் சொல்கிறீர்களே, மனந்திரும்ப அவனுக்கு வாய்ப்பு வேண்டாமா, உங்கள் வீட்டிலேயே அப்படிப் பாவம் செய்தவர் இல்லையா என்ற ரீதியில் அபிட்போல் கேட்ட கேள்வி உள்ளே தைத்தது என்று மேகன் பின்னர் சொல்லியிருக்கிறார். வேதத்துக்குள்ளேயே நின்று, வேதத்தை வைத்துக் கேட்ட கேள்வி. வெளியே நின்று கேட்டவர்களின் கேள்விகளுக்கு அந்த வீட்டில் மதிப்பிருக்கவில்லை.

குழந்தைகள் விஷயத்துக்கு வருவோம். இவர்களைப் பற்றிய எந்தப் படத்திலும் பிள்ளைகள் இல்லாத காட்சி குறைவு. பெற்றோர் ஒரு கையெழுத்தில் சம்மதம் கொடுத்துவிடுகிறார்கள். பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதி இங்கே தெளிவானது: பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் உடல், மன நலத்தையும் கண்ணியத்தையும் காப்பது ஒளிபரப்பாளர் பொறுப்பு, பெற்றோரே சம்மதம் கொடுத்திருந்தாலும்கூட. இந்தச் சபையில் அதைப் பின்பற்றுவது எப்படி என்பதற்கு எளிய பதில் கிடையாது. முகத்தை மறைத்தால் அந்தப் பிள்ளையின் நிலைமை பார்வையாளருக்கு உறைக்காது. மறைக்காவிட்டால், எட்டு வயதில் யாரோ கையில் திணித்த வாசகத்தோடு அவர் முகம் யூடியூபில் ஆயுளுக்கும் இருக்கும். முப்பது வயதில் வேலைக்கு மனுப் போடும்போது அதுதான் தேடலில் முதலில் வரும். என் அபிப்பிராயம், பிள்ளைகளின் பெயரையாவது எடிட்டிங்கில் எடுத்துவிடலாம் என்பது. அவர்கள் சொல்லும் எந்த விஷயமும் பெயர் இல்லாததால் வலுவிழக்கப்போவதில்லை.

இத்தனை தாராளமாகக் கதவைத் திறந்த வீட்டில், கேமரா கண்ணில் படாமலேயே மிகப் பெரிய மாற்றம் நடந்து முடிந்திருக்கிறது. மேகனின் நினைவுக்குறிப்பின்படி, 2011 வாக்கில் மூப்பர்கள் என்ற பெயரில் ஒரு ஆண்கள் குழு அதிகாரத்தைக் கையில் எடுத்தது. அதுவரை எல்லாவற்றையும் நடத்திவந்த ஷெர்லி ஓரங்கட்டப்பட்டார். முன்பு சபையார் எல்லாரும் கூடிப் பேசி எடுத்த முடிவுகளை இவர்கள் எடுக்கத் தொடங்கினார்கள். தான் விலகியதற்கு இறையியல் சந்தேகங்களோடு தாய் நடத்தப்பட்ட விதமும் காரணம் என்கிறார் மேகன். 2014 மார்ச்சில் ஃபிரெட் இறந்தபோது, சபையைத் தொடங்கிய அவரையே சில மாதங்களுக்கு முன் சபைநீக்கம் செய்துவிட்டார்கள் என்று மகன் நேட் அறிவித்தார். எதிர்வீட்டை வாங்கி வானவில் நிறத்தில் சாயம் பூசியிருந்த தற்பாலின ஈர்ப்பாளர் உரிமைக் குழுவினரிடம் கிழவர் கனிவாக ஏதோ சொன்னதுதான் காரணம் என்று விலகிய பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள். சபையிடம் கேட்டதற்கு, உறுப்பினர் விவகாரங்கள் அந்தரங்கமானவை என்று பதில் வந்தது. கேமராவுக்கு அதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. மூப்பர்கள் கூடிய அறையில் என்ன பேசினார்கள் என்பதை வெளியே வந்தவர்கள் எழுதியும் சொல்லியும்தான் நாம் அறிகிறோம்.